விடுமுறைப் பட்டியலில் விடுபட்ட ஊர்



சில வாரங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீடே ஒரே கலகலப்பு. குடும்பத்தோடு இலங்கைக்குச் சுற்றுலா போகப் போகிறார்களாம். கல்லூரியில் படிக்கும் மகன் ஆறு நாள் பயணத் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் தயாரித்து, அச்சடித்து, எல்லோர் கையிலும் கொடுத்திருந்தான். முதல் நாள் கொழும்பு. அடுத்து பெந்தோட்டைக் கடற்கரை, காலிக் கோட்டை, யால காட்டில் யானை, எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், கண்டியில் கடைத்தெரு. கச்சிதமான திட்டம்.

மூலையில் சாய்வு நாற்காலியில் இருந்த பாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சுன்னாகம் இதில இல்லையோ, தம்பி?"

"அங்க பார்க்க என்ன இருக்கு, அப்பம்மா?"

"எங்கட வீட்டுக் கிணறு இருக்கு."

பையன் சிரித்துவிட்டான். அவன் மீது எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

ரயிலோடு வந்தவர்கள்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துப் பாட்டி பிரிக்பீல்ட்ஸுக்கு எப்படி வந்தார்? அதற்கு ஒரு ரயிலின் கதையைச் சொல்ல வேண்டும்.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை ஓடியது. எட்டு மைல் தூரம்தான். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படையினரை வெள்ளைக்காரர்கள் வரவழைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கு ரயில் வந்துவிட்டது.

பாதை போட்டால் போதுமா? டிக்கெட் கொடுக்க வேண்டும், தந்தி அடிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். அத்தனையும் ஆங்கிலத்தில்! ஆங்கிலம் படித்த ஆளுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்துக்குத்தான். அமெரிக்க மிஷனரிகள் 1823இலேயே வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் தொடங்கியிருந்தார்கள். படித்தவர்கள் பெருகினார்கள். ஊரில் வேலை பெருகவில்லை. கப்பலேறினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதல் ரயில் ஓடியது 1902இல்தான். கொழும்போடு அது இணைந்தது 1905இல். சொந்த ஊரில் ரயிலைப் பார்ப்பதற்கு முன்பே, இங்கே வந்து ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் அவர்கள்!

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர்களின் ஊராக மாறியது. அங்கே 1904இல் விவேகானந்தா ஆசிரமத்தை எழுப்பியவர்கள் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள். ஸ்காட் சாலையில் கந்தசுவாமிக்குக் கோயில் கட்டியவர்களும் அவர்களே. நல்லூர்க் கந்தனை விட்டுவிட்டு வர அவர்களுக்கு மனமில்லை.

அன்றைய விடுமுறை

அந்தக் கால ரயில்வே கிளார்க்கும் விடுமுறைக்கு இலங்கை போனார். அவர் திட்டம் எப்படி இருந்திருக்கும்?

பல வருடங்கள் லீவைச் சேர்த்து வைப்பார். மாதாமாதம் மணியார்டர் அனுப்பிக்கொண்டே கையிலும் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார். 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், டிரங்குப் பெட்டியோடு நிற்பார். சிலர் கொழும்புக் கப்பலைப் பிடிப்பார்கள். சிலர் நாகப்பட்டினம் போய் இறங்கி, தனுஷ்கோடிக்கு ரயிலேறி, அங்கிருந்து தலைமன்னாருக்குப் படகில் போவார்கள். 1914இல் தொடங்கிய 'போட் மெயில்' வழி அது.

போய் என்ன செய்வார்? கடற்கரையில் காற்று வாங்கவா? தங்கைக்குக் கல்யாணம் பேசுவார். காணி வாங்குவார். கல்லு வீடு கட்டுவார். தனக்கும் பெண் பார்த்து, மாலையும் கழுத்துமாகத் திரும்பி வருவார். ஓய்வு பெற்ற பிறகு ஊரோடு போய்த் தங்கியவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்சனியர்' என்றே பெயர். இங்கே உழைத்த பணத்தில் அங்கே எத்தனை வீடுகள் எழுந்தன!

ஒவ்வொன்றாக மூடிய கதவுகள்

பிறகு என்ன ஆயிற்று? ஆண்டுகளை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கடிதமும் மணியார்டரும் நின்றன. யுத்தம் முடிந்து போக்குவரத்து மீண்டது. 1964 டிசம்பரில் புயலடித்துத் தனுஷ்கோடி அழிந்தது. 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம்மவர்களைச் சுமந்த 'ரஜுலா' கப்பல் 1973இல் ஓய்ந்தது. அடுத்து வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே முடிந்தது.

அங்கே நாட்டுக்குள்ளும் நெருப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983இல் கலவரம், தொடர்ந்து போர். 1990இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது நின்றது. பாட்டியின் தலைமுறைக்கு ஊர் என்பது பேச்சில் மட்டும் மிஞ்சியது.

போர் 2009இல் முடிந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். 2023இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மூடிய கதவுகள் திறந்தன. ஆனால், எந்த வீடு, எந்த ஒழுங்கை, எந்தக் கிணறு என்று கைகாட்டத் தெரிந்தவர்கள்? அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கவலை அதுதான்.

"எங்கள் தாத்தா சேலத்துக்காரர்!"

இதை அரங்கத்தில் சொன்னபோது, கிள்ளானிலிருந்து வந்த சகோதரர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் தாத்தா சேலத்திலிருந்து வந்தவர். பால்மரம் சீவியவர். எங்களுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டு வரலாம் இல்லையா?" என்றார்.

நல்ல கேள்வி. யாழ்ப்பாணம் வேண்டாம், மலையகம் போங்கள் என்றேன்.

இலங்கை மலைகளில் முதலில் காப்பி போட்டார்கள். 1869இல் வந்த இலைநோயில் காப்பி அழிந்தது. தேயிலை வந்தது. அதற்கு ஆள் எங்கிருந்து? சேலம், திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம். கிள்ளான் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த அதே மாவட்டங்கள், அதே கங்காணி முறை. மண்டபம் முகாம் வழியாகப் போனவர் தேயிலைக்குப் போனார். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர் ரப்பருக்கு வந்தார். அங்கேயும் லயம், இங்கேயும் லயம். அங்கேயும் துரை, இங்கேயும் துரை. அங்கேயும் விடியற்காலையில் பெரட்டு, இங்கேயும் பெரட்டு.

பிறகு அவர்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1948இல் வந்த சட்டம் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். குடும்பங்கள் உடைந்தன. மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் முழுமையாக வழி செய்தது. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த பெரியவர்களைப் பார்த்திருக்கும் நமக்கு இந்த வலி புரியாதா?

ரயில் ஜன்னலில் நின்று படம் எடுக்கிறோமே, கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்? கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். உங்கள் தாத்தாவின் பக்கத்து ஊர்க்காரியாகக்கூட இருப்பாள். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

புறப்படும் முன்

கடற்கரை போகவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஏழு நாள் என்றால் இரண்டு நாளை ஊருக்கும் உறவுக்கும் ஒதுக்குங்கள் என்கிறேன். பருவத்தையும் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கில் மழை. அக்டோபருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் மழை. ஜூலை, ஆகஸ்டில் போனால் நல்லூரில் 25 நாள் திருவிழாவைப் பார்க்கலாம். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண்சரிவில் உயிர்கள் போயின, ரயில் பாதைகளும் உடைந்தன. எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ஊர் பெயர், கோயில் பெயர், பூட்டன் பெயர், அவர் பார்த்த வேலை, பழைய கடிதத்தில் உள்ள விலாசம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு விசா வேண்டாம், பணம் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

பிரிக்பீல்ட்ஸ் பையன் அதைத்தான் செய்தான். அந்தத் தாள் இப்போது மாறியிருக்கிறது. யால போய், யாழ்ப்பாணம் வந்திருக்கிறது. பாட்டியால் அவ்வளவு தூரம் போக முடியாது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியைத் தன் கையாலேயே கோடு போட்டு வரைந்து கொடுத்திருக்கிறார்.

அவர்கள் விமானத்துக்குப் புறப்படுவது கே.எல். சென்ட்ரலிலிருந்து. 2001இல் அந்த நிலையத்தைத் திறப்பதற்கு முன் அந்த இடம் என்ன தெரியுமா? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டு. பாட்டியின் அப்பா வேலை பார்த்த இடம். அங்கே நிற்கும்போது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன்.