சின்ன அவ்வாவின் ஓட்டைக் காலணா

ஓசூர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்துதான் பேச்சு. அதனால பாட்டியோட தங்கச்சி எங்களுக்கு சின்ன அவ்வா. அவங்க சுருக்குப்பையில ஏழு ஓட்டைக் காலணா இருக்கும், நூல்ல கோத்து. இரண்டாம் உலகப்போர் சமயம், உலோகம் மிச்சம் பிடிக்க 1943லேர்ந்து துளைபோட்டு அடிச்ச காசு. ரூபாய்க்கு 64. 1957 ஏப்ரல் 1ல் நூறு நயாபைசாக் கணக்கு வந்தப்புறமும் அவ்வா அணாவிலதான் கூட்டுவாங்க. (காலணான்னா ஒன்றரைப் பைசாவும் சொச்சமும். யாருக்குத்தான் குழப்பம் வராது?)

ஒருநாள் ஒண்ணை உருவிட்டுப்போய் மிட்டாய்க்கடையில நீட்டினேன். கடைக்காரர் சிரிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தார். பயத்துல சாக்கடையில போட்டுட்டேன். ராத்திரி அவ்வா எண்ணினாங்க. ஆறு. என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் கேக்கலை.

அந்த ஆறும் இப்போ என்கிட்டதான் இருக்கு. நூல்கூட அவங்க முடிஞ்சதுதான்.