எட்டணாவும் பைத்தான் ரெண்டும்

பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே. ஊருக்குப் போன இடத்துல ஒரு கேள்வியில வசமா மாட்டிக்கிட்டேன். அதான் இந்தப் பதிவு.

ஊர் புதுச்சத்திரம். சேலத்துல இருந்து நாமக்கல் போற ரோட்டுல வருமே, அதேதான். 2018-ல, காலேஜ் கடைசி வருஷம், ஊர்ல ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்கு வாடகைக் கணக்கு பாக்க சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தேன். பைத்தான் 2.7. அவங்ககிட்ட இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர். இன்னிக்கும் ரெண்டும் ஓடுது. "இனி இதை என்னால பாக்க முடியாதுங்கண்ணா"ன்னு சொல்லத்தான் போனேன். அண்ணன் ஒரே வார்த்தைதான் கேட்டார்: "ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி நிறுத்தச் சொல்ற?"

டக்குனு பதில் வரல. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துவோம்.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பர் 3. பழசோட ஒத்துப்போகாதுன்னு சொல்லியே வெளியிட்டாங்க. ஏன் அப்படி? நம்மாளுங்களுக்கு உடனே புரியுற உதாரணம் ஒண்ணு சொல்றேன். 'தமிழ்'ங்கிற சொல்லோட நீளம் என்னன்னு பைத்தான் 2-கிட்ட கேட்டா, யூடிஎஃப்-8 கோப்புல 15னு சொல்லும். அது எண்ணுறது எழுத்தை இல்லை, பைட்டை. பைத்தான் 3 அதையே 5னு சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம்ம கணக்குக்கு மூணு எழுத்துதான், இருந்தாலும் 15-க்கு 5 எவ்வளவோ தேவலை. இங்கிலீஷ்ல மட்டும் எழுதுறவங்களுக்கு இந்த மாற்றம் வெட்டி வேலையாத் தெரிஞ்சிருக்கும். நமக்கு அப்படி இல்லை.

ஆனா யாரும் நகரல. 2015-ல பழசை நிறுத்துறதா இருந்தாங்க. 2014-ல அந்தக் கெடுவை 2020-க்குத் தள்ளி வச்சாங்க. நடுவுல 2012-ல வந்த 3.3-ல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. 3.0-ல தூக்கி எறிஞ்ச பழைய 'யு' முன்னொட்டைத் திரும்ப ஏத்துக்கிட்டாங்க. ஒரே கோடு ரெண்டு பக்கமும் ஓட அது பெரிய உதவி. 2017 டிசம்பர்ல வந்த ஜாங்கோ 2.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டுச்சு. 2020 ஜனவரி 1-ல கெடு முடிஞ்சு, ஏப்ரல் 20-ல 2.7.18ங்கிற கடைசி வெளியீடும் வந்துச்சு. ஆக, 11 வருஷத்துக்கு மேல இழுவை.

இதே கூத்தை நம்ம நாடு அதுக்கு ரொம்ப முன்னாடியே பாத்திருக்கு. 1957 ஏப்ரல் 1 வரைக்கும் ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. அன்னிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா. 'நயா'ன்னா புதுசு. நம்ம பாஷையில சொன்னா வெர்ஷன் நம்பர்! ஓரணாவுக்கு 6¼ நயா பைசா வரும். அந்தக் கால் பைசாவை வாங்குறவன் விடுறதா, விக்கிறவன் விடுறதா? ஆனா நாலணாவுக்குச் சரியா 25, எட்டணாவுக்கு 50. பழைய காசும் புதுக்காசும் கொஞ்ச காலம் சேர்ந்தே புழங்குச்சு. ஏழு வருஷம் கழிச்சு, 1964 ஜூன் 1-ல, 'நயா'வை எடுத்துட்டு வெறும் பைசா ஆக்கிட்டாங்க. 25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ள காசும் செல்லாமப் போனது 2011 ஜூன் 30-ல. அதுக்கு முன்னாடி பாங்குல குடுத்து மாத்திக்க அவகாசமும் இருந்துச்சு. அணாக் காசு ஒழிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு, எங்க அப்பத்தா இன்னும் எட்டணான்னுதான் சொல்லுது.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் என் தப்பு உறைச்சுச்சு. கெடு இல்லைன்னா யாரும் நகர மாட்டாங்க, சரி. ஆனா ரெண்டும் சேர்ந்து ஓட ஒரு காலமும், மாத்திக்க ஒரு கவுண்டரும் இல்லாம வெறும் கெடுவை மட்டும் சொன்னா, அது கைகழுவுறது. நான் அண்ணன்கிட்டச் செய்யப் போனது அதைத்தான்.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். 2018-ல எழுதும்போதே 2020 கெடு ஊரறிஞ்ச விஷயம். எக்ஸ்பியில ஓடுற கடைசிப் பதிப்பு பைத்தான் 3.4. அதுலயே எழுதியிருக்கலாம். கூகுள்ல கிடைச்ச உதாரணமெல்லாம் 2.7-ல இருந்துச்சு, சோம்பேறித்தனம். அதுக்கு மேல காரணம் ஒண்ணும் இல்லை.

திரும்பப் போய் அண்ணன்கிட்ட அவர் பாஷையிலயே சொன்னேன். "வண்டி ஓடுதுங்கண்ணா, ஆனா எஃப்.சி. 2020-லயே முடிஞ்சிருச்சு. நாளைக்கு எதுலயாவது மோதினா கேக்க நாதி இல்லை."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

நியாயம்தானே? பைத்தான்காரங்களே இப்பத் திருந்திட்டாங்க. வருஷத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வருஷ ஆயுசு, முடியிற தேதி பொறக்கும்போதே தெரிஞ்சிரும். எஃப்.சி. மாதிரியேதான்.

முடிவு இதுதான். அண்ணன் வேற கம்ப்யூட்டர் வாங்குறார். பழைய கணக்கு மொத்தத்தையும் நானே புதுசுக்கு மாத்திக் குடுக்குறேன். மூணு மாசம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும், தினமும் சாயங்காலம் ரெண்டு மொத்தமும் ஒத்துப்போகணும். அப்புறம்தான் பழசை நிறுத்துறது. காசு கேக்கல. கேக்க மூஞ்சி இல்லை.

டிஸ்கி: புதுசை எந்த வருஷம் வரைக்கும் நான் பாத்துக்குவேன்னு ஒரு தாள்ல எழுதி மானிட்டர் மேல ஒட்டிட்டு வந்திருக்கேன். பக்கத்துலயே லாரிகளோட எஃப்.சி. தேதி லிஸ்ட்டும் தொங்குது.