பில் இருந்தால் போதுமா? ஸ்ரீபுரந்தான் நடராசர் சொல்லும் பாடம்

பாத்திர வியாபாரத்தில் நாற்பது வருஷம் பழகியவன் நான். பழைய பித்தளையை யாராவது விற்க வந்தா, விலை பேசும் முன் "இது யார் வீட்டுது?" என்று கேட்பது எங்கள் கடை வழக்கம். அருங்காட்சியகங்களுக்கும் இந்த வழக்கம் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் சோழர் காலத்துப் பிரகதீஸ்வரர் கோயில் இருக்கிறது. பூசை நின்று பூட்டிக் கிடந்த அக்கோயிலிலிருந்து நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் திருடு போயின. 2008ல், சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் ஊருக்கே சங்கதி தெரிந்தது. அதே 2008ல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றவர் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் 1972ஆம் வருஷச் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகக் காகிதம் காட்டினார்கள். அது போலி.

கலைக்கூடத்தார் ஒன்றுமே விசாரிக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நிபுணர்களைக் கேட்டார்கள், வக்கீல்களைக் கேட்டார்கள். எந்த ஊர்ச் சாமி என்று தேடிப்போய் அந்த ஊரைக் கேட்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிலில் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபாட் தில்லியில் சிலையை ஒப்படைத்தார். 2021ல் அக்கலைக்கூடம் தன் விதியையே மாற்றிக்கொண்டது. கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திராமல், திருட்டுப் பொருளாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று பட்டாலே திருப்பித் தர வழி செய்தது. 2022ல் ஆஸ்திரேலியா திருப்பி அளித்த 29 பொருட்களில் சமண மரபைச் சேர்ந்தவையும் இருந்தன. நயினார் குடும்பத்தில் பிறந்த எனக்கு அதில் தனி ஆறுதல்.

ஆனாலும், திருப்பித் தந்தால் கடன்தான் தீரும். உறவு உண்டாக வேண்டுமானால், வாங்கும் முன்பே ஊரைக் கேட்க வேண்டும். காட்சிக்கு வைத்திருக்கும் சாமி எந்த ஊர், எந்தக் கோயில் என்று பலகையில் எழுத வேண்டும். அதை எப்படி வைப்பது என்பதில் ஊர்க்காரர் சொல்லுக்கும் இடம் தர வேண்டும்.

நம் பங்கும் உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகும்போது, குலதெய்வக் கோயிலோ சிவாலயமோ ஜினாலயமோ, அனுமதி கேட்டுத் திருமேனிகளை நாலு பக்கமும் படம் எடுங்கள். பீடத்து எழுத்தையும் விடாதீர்கள். தேதி போட்டுக் கோயிலில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். நாளைக்கு எங்கோ ஒரு நாட்டில் நம் சாமியைப் பற்றிக் கேள்வி வந்தால், காட்டுவதற்கு நம் கையிலும் ஒரு சாட்சி இருக்கட்டும்.