கடை உங்களுடையது, கடைக்கு முன்னால் உள்ள தரை யாருடையது?

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா... எங்கே போனாலும் வெயில் தாழ்ந்ததும் உணவகத்தின் வெளி மேசைகளுக்குத்தான் ஆள் வரும். ஆனால் சாப்பாட்டுக் கடை லைசென்ஸ் இருந்தால் வெளியேயும் மேசை போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து போடுறோம், யாரும் ஒண்ணும் சொல்லல" என்பது சட்டத்தின் முன் நிற்காது. அரசு நிலத்தை எத்தனை வருஷம் பயன்படுத்தினாலும் அது உங்கள் பெயருக்கு வராது என்று தேசிய நிலச் சட்டத்தின் 48-வது பிரிவு சொல்கிறது.

யாரிடம் கேட்பது?

மேசையின் கால் எந்த நிலத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

கடைவரிசையின் ஐந்தடி நடைபாதை, அதாவது காக்கி லீமா, பல இடங்களில் கடைக்காரரின் கிராண்டுக்குள்ளேயே வரும். இருந்தாலும் அது பொதுமக்கள் நடக்கும் வழி. அதை மறைத்தால் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் 46-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவை 500 ரிங்கிட் வரை அபராதம், மறுபடியும் சிக்கினால் 1,000 வரை. சொந்த இடம்தானே என்று வாதாடிப் பயனில்லை.

நடைபாதை, கார் நிறுத்துமிடம் என்றால் ஊராட்சி மன்றத்தைப் பாருங்கள். தஞ்சோங் காராங் வரை கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகம் (2021 வரை அது மாவட்ட மன்றம்). செகிஞ்சான், சுங்கை பெசார் பக்கம் சபாக் பெர்ணம் மாவட்ட மன்றம்.

கிள்ளானிலிருந்து சபாக் பெர்ணம் போகும் 5-ஆம் எண் சாலை கூட்டரசு சாலை. அதன் ஓரத்தில் கடை வைத்திருப்பவர்கள் பொதுப்பணித் துறையையும், நம்ம ஜே.கே.ஆர்.தான், கேட்க வேண்டியிருக்கும்.

காலி அரசு நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகம். அங்கே கிடைப்பது டி.ஓ.எல்., அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏன்னா குடும்பக் கடைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டி.ஓ.எல். எந்த மாதம் எடுத்தாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்கு மேல் செல்லாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதோடு அது முடிந்துவிடும். அப்பா பெயரில் உள்ள டி.ஓ.எல். கடையோடு சேர்ந்து பிள்ளைக்கு வராது. நீங்கள் புதிதாக மனு செய்ய வேண்டும். உரிமம் இல்லாமல் அரசு நிலத்தில் இருந்தால் 425-வது பிரிவின்படி 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

தோட்டத்தில் கடை வைத்திருந்தால்?

தோட்டப் பாதை எல்லாருக்கும் பொது மாதிரி தெரியும். உண்மையில் அது கம்பெனி நிலம், நிர்வாகம் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பெரும்பாலும் அது விவசாய நிலமாகப் பதிவாகியிருக்கும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் நில நிபந்தனையை மீறியதாகிவிடும். மேனேஜர் வாயால் சொன்ன "சரி"யை நம்பி கூரை, சிமெண்டு என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

அனுமதி கிடைத்த பிறகு?

ஊராட்சி மன்றச் சட்டம் 1976-இன் 107-வது பிரிவின்படி, கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே மன்றம் எப்போதும் ரத்து செய்யலாம், நஷ்டஈடும் கிடையாது. கடுமையான விதிதான். அதனால் தூக்கி வைக்கக்கூடிய மேசை, மடக்குக் குடை போதும். மனுவோடு இடத்தின் படம், மேசைகள் எங்கே நிற்கும் என்று அளவோடு ஒரு வரைபடம் கொடுத்தால் பேச்சு சுலபமாகும். சக்கர நாற்காலி போக வழி விட்டிருக்கிறீர்கள், வடிகாலை மூடவில்லை என்பது அதில் தெரியட்டும்.

இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் திறந்தவெளி உட்பட எல்லா உணவகங்களிலும் புகைபிடிக்கத் தடை. "வெளியதானே உக்காந்திருக்கேன்" என்று வாடிக்கையாளர் பற்றவைத்தால், வெளி மேசையும் உணவகம்தான் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். புகைபிடிக்கக் கூடாது என்ற அறிவிப்பை வெளியேயும் மாட்டிவிடுங்கள்.