பூச்சி இல்லாத பூச்சிப்பல்



சில ஆண்டுகளுக்கு முன்பு, என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் வாசிப்பு வேளையில் கன்னத்தில் கைவைத்தபடியே அமர்ந்திருப்பான். சோம்பல் என்றெண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் முகம் வீங்கி வந்தபோதுதான் உண்மை விளங்கியது. அவன் தாயாரிடம் கேட்டேன். "அது பூச்சிப்பல் டீச்சர். விழுந்து முளைக்கிற பல்தானே!" என்றார். அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நாள்தோறும் அவனைப் பார்த்த நானும் கவனிக்கவில்லையே.

'பூச்சிப்பல்' என்னும் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பல்லைப் புழு துளைக்கிறது என்று பாபிலோனியர் களிமண் பலகைகளில் எழுதிவைத்தனர். இந்தியாவிலும் சீனாவிலும் அந்நம்பிக்கை நிலவியது. 1728இல் பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் தம் நூலில், நுண்ணோக்கியால் தேடியும் புழுவைக் காணவில்லை என்று மறுத்தார். 1890இல் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன, அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார். 1924இல் கிளார்க் என்பவர் அத்தகைய நுண்ணுயிர் ஒன்றை இனங்கண்டார்.

இந்த விளக்கத்தால் நாம் தேடவேண்டிய அறிகுறியே மாறிவிட்டது. புழு என்று நம்பியவரை துளையும் வலியுமே அடையாளங்கள். அமிலம் என்று அறிந்த பிறகோ, துளை விழுவதற்கு முந்திய நிலையும் புலப்பட்டது. அமிலம் முதலில் பல்லின் மேற்பூச்சிலுள்ள தாதுக்களைக் கரைக்கிறது. அவ்விடம் பளபளப்பிழந்து, சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுக்கிறது. இந்நிலையில் உமிழ்நீரும் ஃபுளோரைடும் பல்லை மீண்டும் உறுதிப்படுத்த வல்லவை. துளை விழுந்துவிட்டாலோ அது தானாக மூடாது.

நம் சிம்பாங் அம்பாட் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் 'டின் பால்' கலந்த தேநீர் அன்றாடப் பானம். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கண்டித்து 1939இல் சிங்கப்பூரில் உரையாற்றினார். அவர் கவலை குழந்தைகளின் உயிரைப் பற்றியது. பல்லுக்கும் அப்பழக்கம் கேடே. 1940களில் சுவீடனின் விப்பஹோல்ம் மனநலக் காப்பகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கிருந்தோர்க்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பல்லைச் சோதித்தனர். அறத்துக்குப் புறம்பான ஆய்வு அது. எனினும், சர்க்கரையின் அளவைவிட அதனை எத்தனைமுறை உண்கிறோம் என்பதே பெரிதும் முக்கியம் என்பதை அது காட்டியது.

நம் பள்ளிகளுக்கு வந்த பல் தாதியர்க்கும் வரலாறு உண்டு. முதலாம் உலகப் போரின்போது நியூசிலாந்துப் படைக்கு வந்த இளைஞர் பலரின் பற்கள் கெட்டிருந்தன. அதனால் 1921இல் தாமஸ் ஹண்டரின் முயற்சியில், பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கப் பெண்களுக்குப் பயிற்சியளிக்கப்பட்டது. 1940களின் இறுதியில் அம்முறை பினாங்குக்கு வந்தது. பள்ளி மண்டபத்தில் மடக்கு நாற்காலியை விரித்துவைத்து அவர்கள் எங்கள் பெயரை அழைத்தபோது நாங்கள் நடுங்கியது இன்றும் நினைவில் உள்ளது.

1972இல் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்க நம் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கிணற்றையும் ஆற்றையும் நம்பிய தோட்டங்களுக்கோ, குழாய்நீர் வந்த பிறகே அப்பயன் கிட்டியது. முன்னேற்றம் உண்டு, ஆயினும் போதாது. 5 வயதுப் பிள்ளைகளிடையே 2005இல் 76.2 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. 2015இல் அது 71.3 விழுக்காடு.

ஆகவே, பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள்:

1. ஈறின் ஓரமாகப் பல்லில் வெள்ளைத் திட்டு. மேலுதட்டைத் தூக்கி, பல்லைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.
2. பல்லின் பள்ளங்களில் பழுப்பு அல்லது கறுப்பு நிறம்.
3. ஒருபக்கமாகவே மெல்லுதல், ஒரே இடத்தில் உணவு சிக்குதல்.
4. குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் கூச்சம்.
5. இரவில் வலி, ஈறில் சீழ்க்கட்டி. முகம் வீங்கினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முதலாவதைக் கண்டால், ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாளுக்கு இருமுறை துலக்கி, இனிப்பைக் குறைத்து, பல் மருத்துவரிடம் காட்டினால் பல் பிழைக்கும்.

இன்னொன்று: பாற்கடைவாய்ப்பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருப்பவை. அவற்றுக்குப் பின்னால் ஏறத்தாழ 6 வயதில் முளைப்பது நிலைப்பல். அதனைப் பாற்பல் என்றெண்ணிக் கைவிடும் பெற்றோர் பலர். அது விழுந்தால் வேறு பல் முளைக்காது.

பள்ளிப் பல் சிகிச்சைக்கான ஒப்புதல் பாரம் வீட்டுக்கு வரும்போது, பிள்ளை அழுவான் என்று கையொப்பமிடாமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, வகுப்பில் கன்னத்தில் கைவைத்திருக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.