தில்லையாடி வள்ளியம்மை

தில்லையாடி வள்ளியம்மை (22.2.1898 – 22.2.1914) தென்னாப்பிரிக்காவின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களை எதிர்த்துச் சிறை சென்று, தம் பதினாறாவது பிறந்தநாளில் உயிர்நீத்த தமிழ்ப் பெண். ஜோகன்னஸ்பர்க்கில் முனுசாமி முதலியாரின் மகளாகப் பிறந்தார். தில்லையாடி, தரங்கம்பாடியை அடுத்துள்ள அவருடைய தாயின் ஊர்.

பின்னணி

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நெட்டால் பகுதியிலுள்ள டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டுமென 1895இல் சட்டம் பிறந்தது. பின்னர் பிள்ளைகளையும் அவ்வரி பிடித்துக்கொண்டது: ஆணென்றால் 16 வயதில், பெண்ணென்றால் 13 வயதிலேயே.

வள்ளியம்மை வளர்ந்த டிரான்ஸ்வாலில் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியருக்குக் குடியுரிமையை மறுத்தது. ஒதுக்கிய பகுதிகளுக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்கவும் முடியாது. ‘அபார்தைட்’ என்னும் இனஒதுக்கல் 1948இல்தான் அரசுக் கொள்கையாயிற்று. ஆனால் அதன் வேர்கள் இச்சட்டங்களில் ஏற்கெனவே ஓடியிருந்தன. அந்த மண்ணிலேயே பிறந்த பெண்ணும் அங்கே அந்நியராகவே எண்ணப்பட்டார்.

பெண்கள் களமிறங்குதல்

1913 மார்ச்சு 14 அன்று நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவுபெறாத திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாக்கியது. தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் மனைவியர் என்ற தகுதியை இழந்தார்கள். அடுப்படிவரை வந்துவிட்ட இந்த அவமானமே தமிழ்ப் பெண்களை வீதிக்கு அழைத்துவந்தது. அக்டோபரில் டிரான்ஸ்வால் பெண்களின் முதல் அணி நெட்டாலிலுள்ள நியூகாசில் சென்று, 3 பவுன் வரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும்படி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தூண்டியது. தொடர்ந்து 2,000க்கும் மேற்பட்டோர் போராட்டத்தை நடத்திய காந்தியடிகளுடன் நெட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை கடந்து நடந்தனர்.

சிறையும் மறைவும்

அடுத்த அணியில் வள்ளியம்மையும் தாயும் சேர்ந்தார்கள். டிசம்பரில் 3 மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார் வள்ளியம்மை. அங்கே பெண்களுக்கு மோசமான உணவு. வேலை, துணி வெளுப்பது. காய்ச்சலில் விழுந்தும் முன்கூட்டியே விடுதலை பெற அவர் இசையவில்லை.

தண்டனைக்காலம் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டு வந்தவரைக் காந்தியடிகள் கண்டபோது, அந்த உயரமான உடல் போர்வைக்குள் எலும்பாக வற்றிக் கிடந்தது. சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்பதே வள்ளியம்மையின் விடை. சில நாட்களில் அவர் மறைந்தார். அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கி, இந்தியத் திருமணங்களை ஏற்றது.

நினைவு

1915 ஏப்ரல் 21 அன்று சென்னையில் அளிக்கப்பட்ட வரவேற்பில், பாராட்டு தமக்கன்று, அப்போராட்டத்தில் உயிர்நீத்த நாகப்பன், நாராயணசாமி, வள்ளியம்மை போன்றோருக்கே உரியது என்றார் காந்தியடிகள். தில்லையாடியில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உண்டு. சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகம் ‘தில்லையாடி வள்ளியம்மை மாளிகை’ எனப் பெயர் தாங்கி நிற்கிறது. மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் பட்டெடுக்க அங்கே வரும் தாய்மார், முகூர்த்தப் புடவையோடு இந்தப் பெயரின் வரலாற்றையும் தம் பெண்களிடம் சேர்க்க வேண்டும். தாயின் திருமணம் திருமணமே என்று நிலைநாட்டப் போராடி உயிர்கொடுத்த மகள் அவர்.