மூன்றாவது உலோகம்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஒட்டு வேலையே கிடையாது. பாறையைச் செதுக்கிச் செதுக்கியே எடுத்தவை. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே, கல்பாக்கத்தில் 1971-ல் அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1985 அக்டோபரில் அங்கே சோதனை வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் மையத்துக்கு இந்திரா காந்தியின் பெயரும் வந்தது. அடுத்த கனவு, 500 மெகாவாட் ஈனுலை. அதன் வரைபடத்தில், ரதங்களைப் போலன்றி, இரண்டு குழாய்களை ஒட்டியே ஆகவேண்டிய ஓரிடத்தில் பெரிய வில்லங்கம் காத்திருந்தது.

உலையின் வெப்பத்தைச் சுமந்து வர உருகிய சோடியம். அது ஓடும் குழாய்களுக்கு 316எல்என் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தேர்வானது. நீராவி ஜெனரேட்டருக்குள் நிலைமை வேறு. அங்கே மெல்லிய குழாய்ச் சுவருக்கு ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் தண்ணீர்; இரண்டும் கலந்தால் பெரும் வெப்பமும் ஹைட்ரஜனும் கிளம்பும். தண்ணீரில் துளி குளோரைடு இருந்தாலும் ஸ்டெயின்லெஸ் விரிசல் விடக்கூடும். ஆகவே 9 சதவீதக் குரோமியமும் 1 சதவீத மாலிப்டினமும் கலந்த வேறொரு எஃகு ஜெனரேட்டருக்கு வந்தது. இரண்டையும் எங்காவது பற்றவைத்தே தீரவேண்டும். அந்த வேலையில் உலகம் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

வெளிநாட்டு அனல் மின் நிலையங்களில் இப்படிப்பட்ட ஒட்டுகள் சொன்ன ஆயுளுக்கு வெகு முன்பே விட்டுப்போயின. காரணம் எளிய கணக்கு. ஒரு மீட்டர் குழாயை 525 டிகிரிக்குச் சூடேற்றினால், ஸ்டெயின்லெஸ் சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். குரோமிய எஃகு சுமார் 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறை நிலையத்தை ஓட்டி நிறுத்தும்போதும் ஒட்டின் இருபுறமும் இழுபறி. போதாக்குறைக்கு, குரோமிய எஃகிலிருந்த கார்பன் மெல்ல எதிர்ப்பக்கம் நகர்ந்தது. கார்பன் போன இடம் மென்மையானது. விரிசல் சரியாக அங்கேயே பிறந்தது. நிக்கல் கலவைக் கம்பியால் வெல்டிங் செய்தபோது கார்பனின் ஓட்டம் குறைந்தது, ஆயுளும் கூடியது. ஆனால் வெல்டிங்குக்குப் பின் பதப்படுத்தும் சூட்டில் இன்னொரு பூதம் இருந்தது.

வெல்டிங் முடிந்ததும் குரோமிய எஃகு விறைத்து, எளிதில் உடையும் நிலைக்குப் போய்விடும். அதைச் சுமார் 760 டிகிரியில் வைத்துப் பதப்படுத்தாமல் விடமுடியாது. இருபுறமும் ஒரே எஃகு என்றால் அந்தச் சூட்டிலேயே உள்ளிறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். இங்கேயும் தளர்ந்தது. ஆனால் ஆறும்போது இரண்டு எஃகுகளும் அதனதன் கணக்கில் சுருங்கின. போன இறுக்கம் புது வடிவில் திரும்பி வந்தது. கார்பன் நகர்வதற்கும் அதே சூடு வழிவிட்டது. ஸ்டெயின்லெஸுக்கோ அந்தச் சூடு தேவையே இல்லை. நோய்க்குக் கொடுத்த மருந்தே நோயைக் கொண்டுவந்தால் என்ன செய்வது?

கல்பாக்கத்தில் ஏ.கே. பாதுரி முதலிய உலோகவியலாளர்கள் இரண்டு எஃகுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைத்தார்கள்: அலாய் 800. இரும்போடு மூன்றில் ஒரு பங்கு நிக்கலும் ஐந்தில் ஒரு பங்கு குரோமியமும் சேர்ந்தது. அது விரியும் அளவு இரண்டுக்கும் இடைப்பட்டது. ஒரே தாவலாக இருந்தது இரண்டு படிகளானது. குரோமிய எஃகுப் பக்கம் நிக்கல் கலவைக் கம்பி, ஸ்டெயின்லெஸ் பக்கம் 16-8-2 என்ற கம்பி. இதில் இன்னொரு ஆதாயமும் இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: குரோமிய எஃகோடு அலாய் 800-ஐ முதலில் ஒட்டிப் பதப்படுத்தும் சூட்டுக்கு அனுப்பிவிடலாம், ஸ்டெயின்லெஸைக் கடைசியில் சேர்த்தால் அதற்கு அந்தச் சூடே வேண்டாம். காகிதத்தில் எல்லாம் சரி, தாக்குப்பிடிக்குமா?

ஆய்வகத்தில் சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றிப் பார்த்தார்கள். இரு உலோக ஒட்டைவிட மூவுலோக ஒட்டின் ஆயுள் சுமார் நான்கு மடங்காக இருந்தது.

கல்பாக்கத்தில் 2004-ல் கட்டத் தொடங்கிய அந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு, ஒவ்வொன்றிலும் 23 மீட்டர் நீளக் குழாய்கள் 547 கொண்ட எட்டு நீராவி ஜெனரேட்டர்கள். சோடியக் குழாய் அவற்றோடு சேரும் இடத்தில் இருப்பது, பார்ப்பவருக்குச் சாதாரணக் குட்டைக் குழாயாகவே தெரியும் அந்த அலாய் 800 துண்டுதான். 2024 மார்ச் 4 அன்று அந்த உலையின் மையக் கருவை நிரப்பும் வேலை தொடங்கியது.